அகமதிப்பீடு போடும் மகளுக்கு

அன்புள்ள கயலுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் சௌக்கியம். கொஞ்ச நாளாக ஃபோனில் பள்ளிக்கூடப் பேச்சை எடுத்தாலே வேறு பேச்சுக்குப் போய்விடுகிறாய். தாளாளர் வீட்டுப் பிள்ளை உன் வகுப்பில்தான் படிக்கிறான் என்று சித்தி சொன்னாள். அதைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை. பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நீயே இயற்பியலில் அகமதிப்பீடு, அதாவது பள்ளியிலேயே தரும் மதிப்பெண், போடும் நேரம் வந்துவிட்டதே என்றுதான் எழுதுகிறேன்.

பத்து மதிப்பெண்தானே என்று நினைக்காதே. வருகைக்கு 2, தேர்வுகளுக்கு 4, வீட்டில் செய்து தரும் ஒப்படைப்புக்கு 2, கல்வி இணைச் செயல்பாடுகளுக்கு 2. முதல் ஆறுக்கும் பதிவேடு இருக்கிறது. ஓரவஞ்சனை நுழைவது கடைசி நாலில்தான். எதற்கு ஒன்று, எதற்கு இரண்டு என்று முன்கூட்டியே எழுதி வகுப்பில் ஒட்டிவிடு. ஒப்படைப்பு வாங்கிய தேதியைக் குறித்து வை. பல பள்ளிகளில் எல்லாருக்கும் பத்துக்குப் பத்து போட்டுவிடுகிறார்கள். அப்படிப்பட்ட இடத்தில் ஒருத்திக்கு மட்டும் எட்டு போட்டால் அதற்குப் பெயர் மதிப்பீடு இல்லை, தண்டனை. இயற்பியலில் இரண்டு குறைந்தால், பொறியியல் சேர்க்கைக்குப் பார்க்கும் 200க்கான கட்-ஆஃபில் ஒன்று போய்விடும். உனக்குத் தெரியாததா?

பெயரைப் பார்க்காமல் திருத்து. முகப்பை மடித்துவிட்டு, முதல் கேள்வியை எல்லாத் தாளிலும் முடித்த பிறகு அடுத்த கேள்விக்குப் போ. நடுவில் தாள் கட்டைக் கலைத்து அடுக்கு. சூத்திரத்துக்கு எவ்வளவு, அதில் எண்களைப் போடும் பிரதியிடலுக்கு எவ்வளவு, அலகுக்கு எவ்வளவு என்று விடைக்குறிப்பில் அரை மதிப்பெண் வரை எழுதிக்கொள். கடைசித் தாள் முடிந்ததும் முதலில் திருத்திய ஐந்தைத் திரும்பப் பார்; ஆரம்பத்தில் இருந்த கண்டிப்பு போகப்போக மாறியிருக்கும். கணக்குப் போடும் பாடத்தில் பாரபட்சம் வராது என்று இருந்துவிடாதே. இறுதி விடை தப்பானால் நல்ல பிள்ளைக்கு 'கவனக்குறைவு' என்று ஒன்று குறைப்போம், மற்றவளுக்கு 'புரியவில்லை' என்று மூன்று குறைப்போம். தெரிந்து செய்வதில்லை, ஆனால் நடக்கிறது.

செய்முறைத் தேர்வில் மதிப்பெண் போட வெளிப்பள்ளி ஆசிரியர் வந்திருந்தாலும் பிள்ளைகளைத் தெரிந்தவள் நீதான். "நல்லாப் படிக்கிற பையன் சார்" என்ற ஒரு வார்த்தை போதும். யாரைப் பற்றியும் அந்த வார்த்தையைச் சொல்லாதே. ஒளியின் கோணத்தை அளக்கும் நிறமாலைமானிச் சோதனையில் விடை சரியாக வந்துவிட்டதே என்று முழுதாகப் போடாமல், கருவியின் வெர்னியர் அளவுகோலில் பார்த்துக் குறித்த அளவுகளைப் பார். ஒன்றுகூடப் பிசகாமல் இருந்தால் விடையிலிருந்து பின்னோக்கி எழுதியதாக இருக்கலாம். நிறுத்தி இரண்டு கேள்வி கேள்.

பொதுத்தேர்வில் பெயரைப் பார்க்கவிடாமல் விடைத்தாளைத் தருகிறார்கள், குறைந்தால் நகல் வாங்கி மறுமதிப்பீடு கேட்கலாம். நீ போடும் மதிப்பெண்ணுக்கு அந்த வழி கிடையாது. 2021ல் கொரோனாவால் பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வே நடக்காமல், பத்தாம் வகுப்புக்கு 50 சதவீதம், பதினொன்றுக்கு 20, பன்னிரண்டில் செய்முறைக்கும் அகமதிப்பீட்டுக்கும் 30 என்று கணக்கிட்டார்கள். சும்மா போட்டதெல்லாம் அன்றைக்குப் பிள்ளைகளின் தலையில் விடிந்தது.

நீ வேலைக்குச் சேர்ந்த அன்று தாத்தா தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு போனார். இப்போது நீ இப்படிப் பேசாமல் இருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. யாராவது மதிப்பெண் பட்டியலை மாற்றச் சொன்னால் வாய்ப்பேச்சாக விடாதே, எழுத்தில் கேள். எழுதித் தர யாரும் முன்வர மாட்டார்கள். அடித்தல் திருத்தல் இருந்தால் பக்கத்தில் உன் சுருக்கொப்பமும் தேதியும் வேண்டும், உன் பிரதி ஒன்று வீட்டில் இருக்கட்டும். திரும்பவும் சொல்கிறேன், பெயரைப் பார்க்காதே.

பட்டியலில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஒரு தடவை கூப்பிடு. அப்பாவிடம் வேண்டாம், என்னிடம் பேசு.

அம்மா