சான்றிதழ் எங்கள் பேட்சுக்கு உரியதல்ல: டைட்டானியம் பூச்சு குறித்த புகார்

பெறுநர்:
தர மேலாளர், பூச்சுப் பிரிவு

பொருள்: செயற்கை இடுப்பு மூட்டின் ஸ்டெம்களில் (தொடை எலும்புக்குள் செருகும் தண்டுகளில்) பிளாஸ்மா தெளிப்புப் பூச்சு (அதிவெப்ப வாயுவில் தூளை உருக்கித் தெளிப்பது) தரமின்றி இருப்பது

ஐயா,

நீங்கள் பூச்சு போட்டு அனுப்பிய ஸ்டெம்களை நாங்கள் ஏற்கவில்லை. மொத்தப் பேட்சையும் தனியாக எடுத்து, சிவப்புச் சீட்டு ஒட்டி வைத்திருக்கிறோம்.

எங்கள் ஆர்டரில் இருந்தது இதுதான்: டைட்டானியம் அடிப்பூச்சை வெற்றிட அறையில் தெளிக்க வேண்டும், அதன்மேல் எலும்பின் தாதுவை ஒத்த ஹைட்ராக்சிஅபடைட். மேல்பூச்சைத் திறந்த காற்றில் தெளிப்பதில் எங்களுக்கு ஆட்சேபமே இல்லை, எல்லோரும் செய்வதுதான். டைட்டானியம் அப்படியல்ல. உருகிய துளி காற்றில் பறக்கும்போதே ஆக்சிஜனையும் நைட்ரஜனையும் உறிஞ்சிக்கொண்டு நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். உங்களுக்குத் தெரியாததல்ல, பதிவுக்காக எழுதுகிறேன்.

வெள்ளை மேல்பூச்சு முடியும் இடத்தில் அடிப்பூச்சு சின்ன விளிம்பாக வெளியே தெரிகிறது. மங்கிய சாம்பல் நிறத்தில் இருக்க வேண்டிய அந்த விளிம்பு வைக்கோல் மஞ்சளாக, சில இடங்களில் நீலம் பாய்ந்து இருக்கிறது. ஒரு ஸ்டெம்மைக் குறுக்காக அறுத்து, மெருகேற்றி நுண்ணோக்கியில் பார்த்தோம். தட்டையான துளிகளுக்கு நடுவே ஆக்சைடு கறுப்புக் கோடுகளாக ஓடுகிறது. வெற்றிட அறையில் செய்த வேலையில் இவ்வளவு வர வழியில்லை.

இழுவைச் சோதனையில் பூச்சு பிரிந்ததும் அந்த அடுக்குக்குள்ளேதான். இழுப்பதற்காக ஒட்டிய எபாக்சி பசை அப்படியே நிற்க, டைட்டானியம் நடுவில் பிளந்தது. ஐஎஸ்ஓ 13779-2 தரநிலை ஹைட்ராக்சிஅபடைட் பூச்சுக்குக் கேட்கும் 15 மெகாபாஸ்கலைக்கூட எட்டவில்லை. உலோகப் பூச்சிடம் நாங்கள் எதிர்பார்ப்பது 22.

உங்கள் சான்றிதழிலோ எல்லா எண்ணும் அழகாக இருக்கிறது. ஆனால் அதில் உள்ள சோதனைத் தேதி, எங்கள் ஸ்டெம்கள் உங்கள் வாசலுக்கு வந்த தேதிக்கு முந்தியது! வேறு யாருடைய வேலைக்கோ தெளித்த மாதிரி வில்லையின் (சோதனைக்காகப் பொருளோடு சேர்த்துப் பூச்சு போடும் சிறு வட்டின்) முடிவை எங்களுக்கு எடுத்து ஒட்டியிருக்கிறீர்கள். பூச்சில் குறை வருவது இந்தத் தொழிலில் சகஜம், பேசித் தீர்த்துக்கொள்ளலாம். காகிதத்தில் இப்படிச் செய்தால் இதற்கு முன் அனுப்பிய பேட்சுகளை எப்படி நம்புவது?

மேல்பூச்சிலும் சந்தேகம் இருக்கிறது. படிக அமைப்பைக் காட்டும் எங்கள் எக்ஸ்ரே டிஃப்ராக்ஷன் படத்தில் 30 டிகிரியை ஒட்டி அகலமான மேடு எழுந்து நிற்கிறது. படிகமாகாத பகுதி அதிகம் என்று அர்த்தம். அது உடலுக்குள் சீக்கிரம் கரைந்துபோகும். படிகத்தன்மை குறைந்தது 45 சதவீதம் இருக்க வேண்டும் என்பது விதி. உங்கள் சான்றிதழில் அந்த வரியே இல்லை. அப்புறம், தலைப்பகுதி பொருந்தும் டேப்பரிலும் (கூம்பு முனையிலும்) பூச்சுத் துகள் படிந்திருக்கிறது. பூச்சு படக்கூடாத இடத்தை மறைக்கும் மாஸ்கிங் சரியாக மூடவில்லை.

"திருப்பி அனுப்புங்கள், சுரண்டிவிட்டு மறுபடி போட்டுத் தருகிறோம்" என்று தொலைபேசியில் சொன்னீர்கள். ஹைட்ராக்சிஅபடைட்டை நீர்த்த அமிலத்தில் கரைத்துவிடலாம், சரி. டைட்டானியத்தின் மேல் ஒட்டிய டைட்டானியத்தை எப்படிப் பிரிப்பீர்கள்? மறுபடி கிரிட் பிளாஸ்டிங் (அலுமினாத் துகளை வேகமாக அடித்துப் பரப்பைச் சொரசொரப்பாக்குவது) செய்தால் அளவு குறையும், அலுமினாத் துகள் இன்னும் ஆழமாகப் பதியும், திரும்பத் திரும்ப விழும் சுமையைத் தாங்கும் களைப்பு வலிமை போகும். நோயாளியின் தொடை எலும்புக்குள் ஆண்டுக்கணக்கில் இருக்க வேண்டிய பொருள் இது. மறுவேலைக்கு ஒப்புக்கொள்ள மாட்டோம்.

எனவே இந்தப் பேட்சின் பூச்சுக் கட்டணத்தையும், வீணான ஸ்டெம்களின் விலையையும் தர வேண்டும். அறை அழுத்தம், வாயு ஓட்டம், மின்னோட்டம், தூள் லாட் எண் அடங்கிய அசல் இயக்கப் பதிவுகள் எங்களுக்கு வர வேண்டும், தட்டச்சு செய்த சுருக்கம் வேண்டாம். முந்தைய பேட்சுகளுக்கான மாதிரி வில்லைகள் உங்களிடம் மிச்சமிருந்தால் அவற்றையும் அனுப்புங்கள், நாங்களே சோதித்துக்கொள்கிறோம். பதிவுகள் கைக்கு வரும்வரை அடுத்த ஆர்டர் நிறுத்திவைக்கப்படுகிறது.

அறுத்த துண்டின் படங்களும் இழுவைச் சோதனை வரைபடமும் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன.

இப்படிக்கு,
தரக்கட்டுப்பாட்டுப் பொறுப்பாளர்