பேரீத்தம்பழப் பெட்டியைத் திருப்பிப் பார்

அன்பு மகளுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

லெஸ்டரில் உங்கள் பள்ளிவாசலுக்கு நோன்புப் பேரீத்தம்பழம் வாங்கும் பொறுப்பு உன்னிடம் வந்திருப்பதாகச் சொன்னாய். இஸ்ரேல் பழம் உள்ளே வரக்கூடாது என்பது ஜமாஅத்தின் முடிவு. நல்ல முடிவு, நானும் அதே பக்கம்தான். ஆனால் அவசரத்தில் ஒதுக்கினால் அந்த அடி மேற்குக் கரையில் உள்ள எரிகோ ஊரின் பாலஸ்தீன விவசாயி மேல் விழும். மெஜூல் என்ற பெரிய பேரீத்தம்பழ வகையில் இது அடிக்கடி நடக்கிறது.

எரிகோ இருக்கும் ஜோர்டான் பள்ளத்தாக்கு கடல் மட்டத்துக்கும் கீழே கிடக்கும் சூடான நிலம். மெஜூலுக்கு அந்த வெயில் வேண்டும், தண்ணீரும் நிறைய வேண்டும். 1967இல் மேற்குக் கரையை இஸ்ரேல் ஆக்கிரமித்த பிறகு அங்கே கிணறு தோண்டுவதற்குக்கூடப் பாலஸ்தீனர் இஸ்ரேலின் அனுமதி கேட்க வேண்டியிருக்கிறது. அதே நிலத்தில் இஸ்ரேலியர் வந்து குடியேறிப் போட்ட பக்கத்துக் குடியேற்றத் தோட்டத்துக்கோ தண்ணீர் தட்டில்லாமல் போகிறது. இந்த ஆக்கிரமிப்பே சட்டவிரோதம், அதை நிலைநிறுத்தும் வணிகத்தை நாடுகள் தவிர்க்க வேண்டும் என்று சர்வதேச நீதிமன்றம் 2024 ஜூலை 19 அன்று கருத்துச் சொன்னது. இரண்டு தோட்டத்துப் பழமும் பார்வைக்கு ஒன்றுதான். பெட்டியில் உள்ள எழுத்துதான் வித்தியாசம் காட்டும்.

'வெஸ்ட் பேங்க்', அதாவது மேற்குக் கரை, என்று பார்த்ததும் கீழே வைத்துவிடாதே. 2009 டிசம்பரில் பிரிட்டன் அரசு கடைகளுக்குக் கொடுத்த ஆலோசனைப்படி, வெஸ்ட் பேங்க் என்பதற்குப் பக்கத்தில் 'இஸ்ரேலி செட்டில்மென்ட் ப்ரொட்யூஸ்' (இஸ்ரேல் குடியேற்ற விளைச்சல்) என்றோ 'பலஸ்டீனியன் ப்ரொட்யூஸ்' (பாலஸ்தீன விளைச்சல்) என்றோ பிரித்துப் போட வேண்டும். முதலாவதை விடு, இரண்டாவதை எடு. அது வெறும் ஆலோசனைதான் என்பதால் எல்லாரும் ஒழுங்காகப் போடுவார்கள் என்று நம்பிவிடாதே. வெறுமனே 'இஸ்ரேல்' என்று போட்ட பெட்டியிலும் குடியேற்றப் பழம் இருக்கலாம், அதையும் விடு.

பெயரைப் பார்த்தும் ஏமாந்துவிடக் கூடாது. 'ஜோர்டான் ரிவர்' என்றால் ஜோர்டான் நாட்டுப் பழம் என்று தோன்றும். அது ஹதிக்லாயிம் என்ற இஸ்ரேல் நிறுவனத்தின் பிராண்டு. 'கிங் சாலமன்' பிராண்டும் அவர்களுடையதே. மெஹத்ரின் என்பதும் இஸ்ரேல் ஏற்றுமதியாளர்தான்.

இஸ்ரேல் எண்ணான 729 என்று தொடங்கும் பார்கோடைத் தேடச் சொல்வார்கள். அந்த எண் நிறுவனம் எந்த நாட்டில் பதிவானது என்பதைத்தான் சொல்லும், பழம் எங்கே விளைந்தது என்பதைச் சொல்லாது. சூப்பர்மார்க்கெட் தன் பெயரிலேயே அடைத்து விற்கும் பாக்கெட்டில் பிரிட்டன் எண்ணான 50 இருக்கும், உள்ளே இஸ்ரேல் பழம் இருக்கலாம். கோஷர் முத்திரையையும் அடையாளமாக எடுக்காதே. அது யூதர்களின் உணவு விதிக்கான முத்திரை, எந்த நாட்டுப் பண்டத்திலும் இருக்கும். நாம் ஒதுக்குவது ஆக்கிரமிப்பில் லாபம் பார்க்கும் வியாபாரத்தை. ஒரு சமயத்தாரையோ அவர்கள் கடையையோ ஒதுக்குகிறோம் என்ற பேச்சுக்கு ஜமாஅத்தில் இடம் கொடுக்காதே.

அளவுக்கு வருவோம். தினம் 200 பேர், ஆளுக்கு 3 பழம், 30 நாள் என்றால் 18,000 பழம். நடுத்தர மெஜூல் ஒன்று சுமார் 20 கிராம். ஆக 360 கிலோ, 5 கிலோ பெட்டியில் 72. முழுக்க மெஜூல் என்றால் கை கடிக்கும். வெள்ளிக்கிழமைகளுக்கும் கடைசிப் பத்து நாளுக்கும் பாலஸ்தீன மெஜூல், மற்ற நாளுக்கு துனீசியா, அல்ஜீரியாவின் தெக்லத் நூர் வகைப் பேரீத்தம்பழம் என்று பிரித்துக்கொள். தெக்லத் நூர் இஸ்ரேலிலும் விளைகிறது, அந்தப் பெட்டியையும் திருப்பிப் பார். பிரிட்டனில் ஸைத்தூன் என்ற நிறுவனம் பாலஸ்தீன விவசாயிகளிடம் வாங்கி விற்கிறது. முதலில் அவர்களிடம் கேள்.

மெஜூல் அறுவடை ஆகஸ்ட் கடைசியில் தொடங்கி அக்டோபர் வரை போகும். நோன்புக்கு முந்தின வாரம் போய்க் கேட்டால் கடைக்காரர் மிஞ்சியதைத்தான் தருவார். இரண்டு மாதம் முன்பே மொத்த வியாபாரிக்கு எழுது: விளைந்த இடம், அடைத்த கூடம், ஏற்றுமதியாளர் பெயர், மூன்றும் எழுத்தில் வேண்டும். வாயால் சொல்வதை ஏற்காதே. சில்லறையாக விற்கும் பழத்துக்கு மூலப் பெட்டியைக் காட்டச் சொல்.

வாட்ஸ்அப்பில் சுற்றும் நூறு பெயர்ப் பட்டியலைப் பள்ளியில் ஒட்ட வேண்டாம். 2005 ஜூலை 9 அன்று புறக்கணிப்புக்கு அழைத்த பாலஸ்தீன அமைப்புகளே சில நிறுவனங்களை மட்டும் குறிவைக்கச் சொல்கின்றன. எல்லாவற்றையும் ஒதுக்கச் சொன்னால் மக்கள் ஒரு மாதத்தில் களைத்துவிடுவார்கள். 2012இல் பிரிட்டனின் கோ-ஆப் கடைகள் குடியேற்ற விளைச்சலை வாங்கி விற்கும் நான்கு நிறுவனங்களோடு வணிகத்தை நிறுத்தின. உறுப்பினர்கள் ஒரே கோரிக்கையை விடாமல் கேட்டதற்குக் கிடைத்த பலன் அது. கல்லாவில் நிற்கும் பிள்ளையிடம் கோபப்படாதே. கொள்முதல் செய்பவருக்குக் கடிதம் எழுது.

பெட்டி வந்ததும் மேல்வரிசையில் பத்துப் பழத்தைப் பிளந்து புழு பார். தோலில் வெள்ளையாகக் கட்டியிருப்பது சர்க்கரையாக இருக்கலாம், விரலில் உரசினால் மணல்போல் கரகரக்கும். பஞ்சுபோல் இருந்தால் பூசணம், திருப்பி அனுப்பு. மீதியைக் குளிர்பெட்டியில் வைத்து, நோன்பு திறக்க ஒரு மணி நேரம் முன் வெளியே எடு.

பெட்டியின் பக்கவாட்டுச் சீட்டைப் படம் எடுத்து அனுப்பு, பணம் கட்டுவதற்கு முன் நானும் பார்க்கிறேன்.

வாப்பா