வியாசர்பாடி ஜீப்புக்குக் கை கொடுத்தவர்களுக்கு

அன்பான எல்லோருக்கும் வணக்கம்.

இந்த வருடம், 2025, மாட்டுப் பொங்கலன்று காலை பத்தே முக்கால் மணிக்கு எங்கள் வீட்டு ஷெட்டில் மாமாவின் ஜீப் ஸ்டார்ட் ஆனது. 1999-இல் நின்றுபோன வண்டி. முதல் இரண்டு தடவை இருமியது, மூன்றாவது தடவை பிடித்துக்கொண்டது. அன்று தெருவில் இருந்தவர்கள் பார்த்துவிட்டீர்கள். இல்லாதவர்களுக்கு நான் போனில் அந்தச் சத்தத்தை மட்டும் கேட்கவைத்தேன். அதற்குமேல் என்னால் பேச முடியவில்லை. அன்று சொல்லாமல் விட்டதை இப்போது எழுதுகிறேன்.

முதல் நன்றி காசிமேட்டு மாமாவுக்கு. 1978-இல் ஒரு மிலிட்டரி டிஸ்போசல் வியாபாரியிடம் வாங்கிய வண்டி அது. ஐஸ் பாரும் வலையும் ஏற்றித் துறைமுகத்துக்கும் வீட்டுக்கும் நடையாய் நடந்தது. நின்ற பிறகும் மாமா அதைக் காயலான் கடைக்குப் போடவில்லை. எத்தனையோ பேர் கேட்டும் டீசல் என்ஜின் மாற்றவில்லை. நம் ஊரில் பழைய ஜீப்புகளில் பலவும் பெட்ரோல் என்ஜினைக் கழற்றிப்போட்டு டீசல் ஏற்றியவைதான், அதனால் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று வண்டிக்காரர்களுக்குப் புரியும். 2021-இல் நான் கேட்டபோது, "உன்னால முடியும்னா எடுத்துட்டுப் போடா" என்று ஆர்.சி. புத்தகத்தையும் கையில் கொடுத்தார். மாமா, அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் இறங்கினேன்.

கடற்காற்றில் இருபத்திரண்டு வருடம் நின்ற இரும்பு எப்படி இருக்கும் என்று வடசென்னைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தரைத்தகடு அப்பளம்போல் நொறுங்கியது. நான்கு பிஸ்டனும் சிலிண்டரோடு ஒட்டிக்கொண்டு ஒரு இம்மியும் அசையவில்லை.

இங்கேதான் காசிமேட்டில் விசைப்படகு என்ஜின் பார்க்கும் அண்ணன் வந்தார். உப்புத் தண்ணீர் குடித்து இறுகிப்போன என்ஜின்களையே வாழ்நாள் முழுவதும் பார்த்த கை. இந்த ஜீப் என்ஜினில் வால்வுகள் மேலே ஹெட்டில் இல்லை, சிலிண்டருக்குப் பக்கத்தில் பிளாக்கிலேயே நிற்கின்றன. ஹெட் என்பது வெறும் மூடிதான். அதைத் தூக்கினால் நான்கு பிஸ்டனின் தலையும் வரிசையாகத் தெரியும். அண்ணன் டீசலையும் கியர் ஆயிலையும் கலந்து நான்கிலும் ஊற்றினார். "தினமும் ஊத்து. தினமும் கட்டையை வெச்சு ஒரு தட்டு. இரும்பால தொடாத, அவசரப்படாத" என்று சொல்லிவிட்டுப் போனார். பதினெட்டு நாள் ஒன்றும் நடக்கவில்லை. பத்தொன்பதாம் நாள் மூன்றாவது சிலிண்டரில் எண்ணெய் மட்டம் ஓரத்தில் மெல்லிய நூல்போல் இறங்கியிருந்தது. பிஸ்டன் அசைந்துவிட்டது என்று அதைப் பார்த்துத்தான் தெரிந்தது. நான் போன் செய்தபோது அண்ணன் படகில் இருந்தார், அங்கிருந்தே "விசில் அடிடா" என்று கத்தினார். கூலி என்று ஒரு பைசா வாங்கவில்லை.

அப்புறம் ஆவடிப் பெரியவர். ஐயா, உங்களைப் பற்றி எழுத இந்தத் தாள் போதாது. ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் 1965-இல் முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. பின்னாளில் அங்கே பிட்டராகச் சேர்ந்து, அந்த டாங்கியின் என்ஜினைப் பிரித்துப் பூட்டியே காலம் கழித்தவர் நீங்கள். லேலண்ட் எல்-60 என்ற அந்த என்ஜினில் ஆறு சிலிண்டருக்குப் பன்னிரண்டு பிஸ்டன், ஒவ்வொரு சிலிண்டரிலும் இரண்டு பிஸ்டன் எதிரும் புதிருமாக ஓடும் என்று நீங்கள் சுவரில் சாக்பீஸால் வரைந்து காட்டியதை நான் இன்னும் அழிக்கவில்லை. அப்படிப்பட்ட என்ஜினைப் பார்த்தவர், அறுபது குதிரைத்திறன் உள்ள எங்கள் சின்ன என்ஜினுக்காக இரண்டு பஸ் மாறி ஞாயிறுதோறும் வந்தீர்கள்.

நீங்கள் வந்த முதல் நாளை மறக்கவே முடியாது. அதற்கு முந்தின வாரம் நான் வலப்பக்கச் சக்கரங்களைச் சுலபமாகக் கழற்றிவிட்டேன். இடப்பக்கம் நட்டு நகரவே இல்லை. ஸ்பேனரில் நீளக் குழாய் மாட்டி ஏறி நின்றதில் நட்டு மாட்டும் ஒரு ஸ்டட் முறிந்தே போனது. நீங்கள் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, வேட்டி நுனியால் ஸ்டட்டின் முகத்தைத் துடைத்து, கட்டை விரலால் தடவிப் பார்த்தீர்கள். தேய்ந்துபோன ஒரு 'எல்' அங்கே இருந்தது. "தம்பி, இந்தப் பக்கம் எதிர் மரை. சக்கரம் முன்னால ஓடும்போது நட்டு தானா லூஸ் ஆகக் கூடாதுன்னு இப்படிப் போட்டிருக்கான். நீ கழட்டல, இறுக்கிட்டு இருந்திருக்க" என்றீர்கள். மீதி நான்கு நட்டும் மறுபக்கம் திருப்பியதும் வந்துவிட்டன. ஹெட் நட்டுகளை நடுவில் தொடங்கி வெளியே போகவேண்டும், ஒரே மூச்சில் இறுக்கக் கூடாது, மூன்று சுற்றாக இறுக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்ததும் நீங்கள்தான்.

கோவையிலிருந்து போனில் மட்டுமே பேசிய நண்பருக்கு ஒரு தனி வணக்கம். ஆர்.சி.யில் செய்த கம்பெனி 'வில்லிஸ்' என்று இருந்ததால் நாங்களும் அப்படியே நம்பியிருந்தோம். "முன்னால ரேடியேட்டருக்குக் கீழே இருக்கிற குறுக்குச் சட்டத்தைப் பாருங்க. உருண்டைக் குழாயா இருந்தா வில்லிஸ், கவிழ்த்துப் போட்ட 'ப' மாதிரி இருந்தா ஃபோர்டு" என்றார். கவிழ்த்த 'ப'தான் இருந்தது. துருவைச் சுரண்டினால் போல்ட்டுத் தலைகளில்கூட ஃபோர்டின் 'எஃப்' எழுத்து. போர்க்காலத்தில் அமெரிக்க ராணுவத்துக்குத் தேவைப்பட்ட ஜீப்புகளை வில்லிஸ் மட்டும் செய்து முடிக்க முடியவில்லை. அதே வரைபடத்தை வைத்து ஃபோர்டும் செய்தது. அதன் பெயர் ஜி.பி.டபிள்யூ. ஜி என்றால் அரசாங்கத்துக்கு, பி என்றால் எண்பது அங்குல வீல்பேஸ் (முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைவெளி), டபிள்யூ என்றால் வில்லிஸ் வடிவமைப்பு. 1945 வரை இரண்டு கம்பெனியும் சேர்ந்து ஆறு லட்சத்துக்கும் மேல் செய்தன, அதில் ஃபோர்டு செய்தவை சுமார் 2,78,000. நம் மாமா மீன் ஏற்றியது அதில் ஒன்று. என்ஜின் இழுவையை முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் பிரித்துக்கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் கியருக்கு அலைந்தபோது போடிநாயக்கனூரில் ஏலத்தோட்ட ஜீப்புகள் பார்க்கும் மெக்கானிக்கின் நம்பரைக் கொடுத்ததும் இதே நண்பர்தான். அந்த மெக்கானிக், பழைய மகேந்திரா ஜீப்பிலிருந்து கழற்றிய நல்ல கியர் செட்டை மண்ணெண்ணெயில் கழுவி, துணி சுற்றி, லாரி பார்சலில் அனுப்பினார். பணத்தைப் பிறகு வாங்கிக்கொண்டார். முகம்கூடப் பார்த்ததில்லை. நன்றி ஐயா.

ஒரு கஷ்டத்தையும் சொல்ல வேண்டும். முதலில் சிலிண்டர் போரிங்குக்குக் கொடுத்த இடத்தில் இரண்டாவது சிலிண்டரைக் கோணலாகக் கடைந்துவிட்டார்கள். பிளாக் போய்விட்டது என்றே நினைத்தேன், ஒரு வாரம் ஷெட்டைத் திறக்கவில்லை. எங்கள் தெருமுனை லேத் பட்டறை அண்ணன்தான் வந்து கூப்பிட்டார். அளந்து பார்த்து, "மூணு இஞ்ச் ஒரு நூல் போர், நாலு இஞ்ச் மூணு நூல் ஸ்ட்ரோக். லைனர் இறக்கிடலாம், கவலைப்படாத" என்றார். மற்ற வேலையை ஒதுக்கிவைத்து மூன்று ராத்திரி உட்கார்ந்து, சிலிண்டருக்குள் செருகும் உறையான அந்த லைனரைக் கடைந்து இறக்கி, பழைய அளவுக்கே கொண்டுவந்தார். இன்று அந்த இரண்டாவது சிலிண்டரில் கம்ப்ரஷன் மற்ற மூன்றையும்விட நன்றாக இருக்கிறது.

அந்த பிளாக் வீட்டுக்கு வந்து பத்து நாள்கூட ஆகவில்லை, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். வியாசர்பாடியில் மழைத் தண்ணீர் நிற்பது புதிதில்லை, கணேசபுரம் சுரங்கப்பாதை மூழ்கினால்தான் எங்களுக்கு மழைக்காலமே. ஆனால் அந்த ராத்திரி தண்ணீர் ஏறிய வேகம் வேறு. ஷெட்டில் முழங்கால் தாண்டிவிட்டது. புதிதாகக் கடைந்த சிலிண்டர் ஒரு ராத்திரி ஈரத்திலேயே துருப் பிடித்துவிடும். கரண்ட் இல்லை. நானும் என் மனைவியும் மட்டும் அந்த பிளாக்கை எப்படித் தூக்குவது?

நம் தெருக் கால்பந்துத் தம்பிகள் ஆறு பேர், அவரவர் வீட்டிலும் தண்ணீர் புகுந்திருந்த நேரத்தில், எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். கிராங்க் ஷாஃப்டோடு பிளாக்கைக் கயிறு கட்டி, மூங்கில் கொடுத்து, பல்லக்குபோல் தோளில் ஏற்றி மாடிப்படித் திருப்பத்தில் வைத்தார்கள். தடவுவதற்கு என்ஜின் ஆயில் இல்லை, டப்பாக்கள் தண்ணீரோடு போய்விட்டன. மாடி வீட்டு அக்கா அடுப்படியிலிருந்து நல்லெண்ணெய்ப் பாட்டிலைக் கொண்டுவந்து கொடுத்தார். செல்போன் வெளிச்சத்தில் நான்கு சிலிண்டருக்குள்ளும் நல்லெண்ணெய் தடவினோம். தண்ணீர் வடிந்து பார்த்தபோது ஒரு புள்ளி துரு இல்லை. தம்பிகளா, அன்று அந்தப் படிக்கட்டில் நீங்கள் வரவில்லை என்றால் இந்த மடலே இல்லை. அக்கா, அந்த வாரம் கடை திறக்காத நேரத்தில் வீட்டில் இருந்த கடைசிப் பாட்டில் அது என்று பிறகுதான் தெரிந்தது.

அக்காவின் மகளுக்கும் நன்றி. பாப்பா பன்னிரண்டாம் வகுப்பு படித்த வருடம் ராத்திரி ஏழு மணிக்குமேல் கிரைண்டர் ஓட்டுவதில்லை என்று பேசிக்கொண்டோம். பரீட்சை முடிந்ததும் அவளே கீழே வந்து, வயரிங் முழுவதற்கும் அட்டை வெட்டிப் பெயர் எழுதிக் கட்டினாள். 'ஹாரன்', 'பிரேக் லைட்', 'இடது ஹெட்லைட்' என்று அவள் குண்டு எழுத்தில் எழுதிய அட்டைகள் டேஷ்போர்டுக்குப் பின்னால் அப்படியே இருக்கின்றன. அவற்றை எடுக்கப்போவதில்லை. சீட்டும் மேல்கூரையும் தைத்துக்கொடுத்த தார்ப்பாய்க்காரர், தரைத்தகடு புதிதாக அடித்த டிங்கரிங் பாய், ஷெட்டை மூன்றரை வருடம் எனக்கே விட்டுவிட்டு, துணி துவைக்கும் நீலப் பேரலையும் துரு எடுக்க விட்டுக்கொடுத்த என் மனைவி, எல்லோருக்கும் நன்றி.

பெயின்ட் பற்றிப் பலர் கேட்கிறீர்கள். "மிலிட்டரி வண்டிக்கு ஏன் மிலிட்டரிப் பச்சை அடிக்கல?" மோட்டார் வாகன விதிப்படி ஆலிவ் பச்சை பாதுகாப்புத் துறை வண்டிகளுக்கு மட்டும்தான். அது சரியான விதி என்றுதான் நான் நினைக்கிறேன். அதனால் மாமா அடித்திருந்த அதே நீலம். பெயின்டர் அண்ணன் பானட்டைத் தண்ணீர் விட்டு எமரித்தாளால் தேய்க்கும்போது நீலத்துக்குக் கீழே வெள்ளை, அதற்குக் கீழே செம்பிரைமர், கடைசியில் பச்சை வந்தது. பச்சையின் மேல் ஸ்டென்சிலில் அடித்த ஒரு எழுத்தும் நான்கு எண்களும் பாதிபாதியாகத் தெரிந்தன. எந்தப் பட்டாளத்து வண்டி, எங்கே ஓடியது, ஒன்றும் தெரியாது, ஆனால் அதை யாரோ ஒரு சிப்பாய் கையால் அடித்திருக்கிறார். அண்ணன் வேலையை நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிட்டார். இருவரும் கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்துக்கொண்டு நின்றோம். அப்புறம் அவரே அதைப் படம் எடுத்து, டிரேசிங் பேப்பரில் அப்படியே வரைந்து கொடுத்து, அதன்மேல் தெளிந்த வார்னிஷ் பூசி, பிறகுதான் நீலம் அடித்தார். அந்தத் தாள் இப்போது மாமா வீட்டுச் சுவரில் இருக்கிறது.

ஐம்பது வருடத்துக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு வின்டேஜ் பதிவு என்று 2021 ஜூலையில் விதி வந்தது. அதற்கான படிவங்களைப் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்த அலுவலக அம்மாவுக்கும் நன்றி. ஏற்கெனவே பதிவான வண்டி என்பதால் பழைய எண்ணே தொடர்கிறது. இந்தப் பதிவில் தினசரி ஓட்டக் கூடாது. கண்காட்சி, பழைய கார் அணிவகுப்பு, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு, இவற்றுக்கு எடுக்கலாம்.

ஆக, வரும் ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்குப் பெட்ரோல் போட எடுக்கிறோம். மாமாதான் ஓட்டுகிறார். ஆவடி ஐயா பக்கத்துச் சீட்டில். பின்னால் இரண்டு பேருக்கு இடம் உண்டு, முதல் நடைக்குக் காசிமேட்டு அண்ணனும் லேத் அண்ணனும் வர வேண்டும். தம்பிகள் அடுத்த வாரம். இந்த வண்டியில் பெட்ரோல் டாங்க் டிரைவர் சீட்டுக்கு அடியில்தான் இருக்கிறது. பங்க்கில் ஒவ்வொரு தடவையும் டிரைவர் இறங்கி, மெத்தையைத் தூக்கி, மூடியைத் திறக்க வேண்டும். மாமாவுக்கு முட்டி வலி, யாராவது ஒருவர் கை கொடுங்கள்.

அன்புடன்,
உங்கள் தெருக்காரன்,
வியாசர்பாடி