தாத்தாவின் மருத்துவச் சீட்டைத் தேடித் தந்தவர்களுக்கு

ராயபுரம் கல்மண்டபம் பக்கத்துச் சொந்தங்களுக்கும், முகம் பார்க்காமலே உதவியவர்களுக்கும் வணக்கம்.

எங்கள் தாத்தா இரண்டாம் உலகப் போரில் ஜப்பான்காரர்களிடம் கைதியாக இருந்தவர். திரும்பி வந்து ஹார்பரில் மூட்டை தூக்கினார். ராத்திரியெல்லாம் இடுப்பைச் சொறிந்துகொண்டு திண்ணையில் உட்கார்ந்திருப்பாராம். தோலில் சிவப்பாய் ஒரு கோடு ஊர்ந்து போகும், விடிந்தால் காணாது. தெருவில் ‘சாராயச் சொறி’ என்றார்கள். வீட்டிலும் அதையே நம்பினார்கள். அப்பாவுக்கு இன்றைக்கு 76 வயது. “எங்கப்பனுக்கு என்ன நோவுன்னு தெரிஞ்சிக்காம நான் போவ மாட்டேன்” என்று ஒரே பிடிவாதம். அதனால்தான் இரண்டு வருடமாக இந்த அலைச்சல்.

முதல் நன்றி பழைய பேப்பர் கடை அண்ணனுக்கு. 2015 டிசம்பர் மழையில் தாத்தாவின் டிரங்குப் பெட்டி ஊறிப்போக, உள்ளே இருந்ததை அம்மா எடைக்குப் போட்டுவிட்டார். அதிலிருந்த டிஸ்சார்ஜ் புக்கில் பட்டாள முத்திரை இருந்ததைப் பார்த்து அண்ணன் உலர்த்தி எடுத்து வைத்திருந்தார். “கேட்டு எவனாவது வருவான்னு தெரியும்மா, நீ வர இத்தினி வருசமா?” என்றார். காசு வாங்கவில்லை. ஒரு டீ மட்டும்.

அந்தப் புத்தகம் கிடைப்பதற்கு முன் நான் போகாத இடமில்லை. ஒரு அலுவலகத்தில் மருத்துவத் தாள்கள் அழிந்துவிட்டன என்று ஒரு வரியில் பதில். லண்டன் கியூ ஆவணக் காப்பகத்தில் ஜப்பானியர் எழுதி வைத்த கைதி அட்டைகள் இருக்கின்றன. அதில் தாத்தா பெயர் இல்லை. ஜப்பானியர் கைதிகளை வைத்துப் போட்ட சயாம் ரயில் பாதையின் பட்டியல்களிலேயே ஆறு மாதம் போயிற்று. தப்பு எங்களுடையதுதான். தாத்தா “ரபால்ல இருந்தேன்” என்பாராம். வீட்டார் காதில் அது ‘ரப்பர்’ என்று விழ, மலேயா ரப்பர் தோட்டம், அங்கிருந்து சயாம் என்று நாங்களாகவே ஒரு கதை கட்டிக்கொண்டோம்.

முடிச்சை அவிழ்த்தவர் தண்டையார்பேட்டையில் இருக்கும் ரிட்டையர்ட் ஹவில்தார் ஐயா. டிஸ்சார்ஜ் புக்கில் மடித்திருந்த சீட்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, “ரப்பர் இல்லம்மா, ரபாவுல்” என்றார். இன்றைய பப்புவா நியூ கினியில், நியூ பிரிட்டன் தீவில் இருக்கும் ஊர்! 1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் விழுந்தபோது பிடிபட்டவர்களில், இந்திய தேசிய ராணுவத்தில் சேராத பலரை அடுத்த வருடமே கப்பலேற்றி அந்தப் பக்கத் தீவுகளுக்கு அனுப்பினார்கள் என்று பொறுமையாகச் சொன்னார். 1945 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் படை வந்து இறங்கிய பிறகுதான் அவர்களுக்கு விடுதலை.

டாக்டர் கிறுக்கலைப் படித்துத் தந்த ஸ்டான்லி ஆஸ்பத்திரியின் பழைய நர்ஸ் அக்காவுக்குக் கடமைப்பட்டிருக்கிறேன். பெரிபெரி என்ற சத்துக் குறைவு நோய், இடது காலில் ஆறாத புண், குடல் புழு. மூன்றே வரி. அந்தப் புழுவில் ஒரு வகை உடம்புக்குள்ளேயே பெருகி ஐம்பது வருடம்கூட இருக்கும், தோலுக்கடியில் ஊர்ந்து கோடு போடும் என்று எங்கள் டாக்டர் விளக்கினார். லிவர்பூலில், ஜப்பானியரிடம் கைதியாக இருந்த முன்னாள் வீரர்களிடம் பல வருடம் கழித்தும் அதைக் கண்டிருக்கிறார்களாம். தாத்தாவுக்கும் அதே வகைதானா? டாக்டர் உறுதி சொல்லவில்லை. சோதிக்க ஆள் இல்லையே. அப்படிச் சொல்லாமல் விட்டதற்கும் அவருக்கு நன்றி.

மெல்பர்னிலிருந்து ராத்திரி ராத்திரியாக ரபாவுல் போட்டோக்களைத் தேடி அனுப்பிய தங்கச்சிக்குத் தனி நன்றி. விடுதலையான இந்தியச் சிப்பாய்கள் எலும்பும் தோலுமாக நிற்கிறார்கள். அதில் ஒருவர் தாத்தா என்று அப்பா சொல்கிறார், எனக்கு அப்படித் தோன்றவில்லை. மறுத்துப் பேசவும் இல்லை.

சுவரில் மாட்டிய தாத்தா படத்துக்குப் பின்னால் ‘மலேயா ரப்பர் காடு’ என்று அத்தை பென்சிலில் எழுதி வைத்திருந்தார். போன வெள்ளிக்கிழமை அப்பா அதை அழித்துவிட்டு, கை நடுங்க நடுங்க, ‘ரபாவுல்’ என்று எழுதினார்.