பால்மா கரைக்கிற தண்ணீர்

அன்புள்ள பிள்ளைக்கு,

போன் எடுத்தால் "பிறகு கதைக்கிறன் அம்மா" என்று வைத்துவிடுகிறாய். அதனால் எழுதுகிறேன். நல்லூர்த் திருவிழாவுக்கு நீ பேரனோடு வருவாய் என்று அப்பா முன்அறைக்கு வெள்ளை அடித்துவிட்டார். மாமிக்குக் கண் சத்திரசிகிச்சை முடிந்தது. வெங்காயம் இந்தமுறை பரவாயில்லை.

விஷயம் தண்ணீர்தான். எங்கள் கிணற்றைப் பரிசோதித்தோம். நைத்திரேற்று, உரத்திலிருந்து தண்ணீருக்கு இறங்குகிற உப்பு, லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக்கூடாதாம், தாண்டியிருக்கிறது. பூச்சிமருந்துக்கு வேறு சோதனை செய்ய வேண்டும். ஆறே இல்லாத ஊர் எங்களுடையது. செம்பாட்டு மண்ணுக்குக் கீழே வெடித்த சுண்ணாம்புக்கல். தோட்டத்தில் போடுகிற யூரியாவும் அடிக்கிற மருந்தும் மாரி மழையோடு கீழே இறங்கிவிடும். மருந்துத் தாங்கியைக் கிணற்றடியில் கழுவ அப்பா ஒருவரையும் விட்டதில்லை, உனக்குத் தெரியும். ஆனால் அயலுக்கெல்லாம் நிலத்தடியில் ஒரே தண்ணீர்தானே.

கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. வற்ற வற்ற இன்னும் கூடும். ஆறு மாதம் ஆகாத குழந்தைக்கு அந்தத் தண்ணீரில் பால்மா கரைத்தால் இரத்தம் ஒட்சிசனைக் கொண்டுபோகாது, உதடு நீலம் பாரிக்கும். தாய்ப்பால் என்றால் அந்தப் பயம் இல்லை.

இதற்காகத்தான் அன்று பால் கொடுக்கிறாயா என்று கேட்டேன். குறை பிடிக்க இல்லை. நீ ஒன்றும் சொல்லவில்லை. இவ்வளவு படித்த பிள்ளை, எங்கள் குடும்பத்திலேயே முதல் பட்டதாரி, அம்மாவுக்கு ஒரு சொல் சொல்லக்கூடாதா?

இதை உனக்கு நான் சொன்னதில்லை. 95 ஒக்டோபரில் சண்டையால் எல்லாரும் யாழ்ப்பாணத்தை விட்டு மழைக்குள் நாவற்குழிப் பாலம் தாண்டினபோது நீ கைக்குழந்தை. சாவகச்சேரிக்குப் போன கையோடு எனக்குப் பால் நின்றுவிட்டது. கிடைத்த பால்மாவை யாரோ வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் கரைத்துத்தான் உன்னை வளர்த்தேன். அதற்கு அப்பாச்சி சொன்ன சொல் இன்றைக்கும் சுடுகிறது. அப்படி ஒரு சொல் என் வாயிலிருந்து உனக்கு வராது.

தண்ணீரைச் சாட்டி வராமல் விடாதே. நைத்திரேற்று நீக்கி வடித்த தண்ணீர் வீட்டுக்குக் கொண்டுவந்து தர ஒழுங்கு செய்துவிட்டோம். பேரனுக்கு அதைக் கொதிக்க வைத்து ஆற்றித்தான். கிணற்றுத் தண்ணீர் வேண்டாம், கொதிக்க வைத்தாலும் வேண்டாம். அவன் என்ன பால்மா குடிக்கிறான் என்று மட்டும் எழுது, இங்கே கிடைக்குமா என்று விசாரித்து வைக்கிறேன்.

அம்மா