இருபது செல்களை எண்ணித் தந்தவர்களுக்கு நன்றி மடல்

பாம்பன்

அன்புடையீர்,

என் கணவரின் உயிருக்காகக் கடந்த ஓராண்டாக எங்களோடு அலைந்தவர்களுள் சிலருக்கு நேரில் நன்றி சொன்னேன். பலருக்குச் சொல்ல வாய்க்கவில்லை. அவர்கள் அனைவருக்குமாக இம்மடலை எழுதுகிறேன்.

நாள்பட்ட மைலாய்டு லுக்கீமியா என்னும் ரத்தப் புற்றுநோயுடன் அவர் ஆறு ஆண்டுகளாக இமாட்டினிப் மாத்திரையை விழுங்கிக்கொண்டு கடலுக்குப் போய்வந்தார். சென்ற ஆண்டு மீன்பிடித் தடைக்காலத்தில் இடது விலாவின் கீழ் மண்ணீரல் கல்லாகக் கனத்தது. முதலில் எடுத்த எலும்பு மஜ்ஜை ஆய்வுக்கூடத்துக்குத் தாமதமாகப் போனதால் செல்கள் வளரவில்லை. இரண்டாம் முறை எடுத்ததை, மீன் வண்டி ஓட்டும் எங்கள் தெரு அண்ணன் இரவோடிரவாக மதுரையிலிருந்து சென்னைக்குக் கொண்டு சேர்த்தார். உறைந்தால் செல்கள் செத்துவிடும் என்று கேட்டதும், வாழ்நாளெல்லாம் எதையும் ஐஸில் புதைத்தே பழகிய அந்த மனிதர், பச்சை மூடியிட்ட அந்தச் சிறு குழாயைத் துண்டில் சுற்றிச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தார்.

ஆய்வுக்கூடத்துத் தம்பி என்னை உட்காரவைத்து, பிரியும் தறுவாயில் நிறுத்திச் சாயமேற்றிய செல்களின் படத்தைக் காட்டினார். எண்ணிய 20 செல்களிலும், மரபுச் செய்தியைத் தாங்கும் இழைகளான குரோமோசோம்களில் 9ஆம், 22ஆம் குரோமோசோம்களின் துண்டுகள் இடம் மாறியிருந்தன. அறுந்த இரண்டு வலைக்கயிறுகளை முனை மாற்றி முடிந்தது போல எனக்குப் பட்டது. இப்படித் துண்டு மாறிக் குட்டையாகிப்போன 22ஆம் குரோமோசோமைப் பிலடெல்பியா குரோமோசோம் என்பார்கள்; அது நாங்கள் முன்பே அறிந்ததுதான். ஆனால் 14 செல்களில், இரண்டாக இருக்க வேண்டிய 8ஆம் குரோமோசோம் மூன்றாக நின்றது. நோய் முற்றுகிறது என்பதற்கு அது ஓர் அடையாளம் என்றும், மருந்தை மாற்றியதோடு நின்றுவிடாமல் மஜ்ஜை மாற்று சிகிச்சைக்கு உடனே ஆயத்தமாக வேண்டும் என்றும் மருத்துவர் முடிவெடுத்தது அந்த எண்ணிக்கையைப் பார்த்த பிறகுதான்.

1960இல் அந்தக் குட்டைக் குரோமோசோமைக் கண்டறிந்த அமெரிக்க ஆய்வாளர்கள் நோவெல், ஹங்கர்ஃபோர்டு ஆகியோருக்கும், அது இரு குரோமோசோம்களின் துண்டுமாற்றம் என்று 1973இல் காட்டிய ஜேனட் ரௌலி அம்மையாருக்கும் இந்தக் கடற்கரையிலிருந்து என் வணக்கம் உரித்தாகுக.

நோன்பு திறந்த கையோடு வந்து ரத்தத் தட்டணுக்கள் தந்த கீழக்கரைத் தம்பிகளுக்கும், அவர் கடலுக்குப் போகாத மாதங்களிலும் பங்குப் பணத்தை வீட்டுக்கு அனுப்பிய படகுக்காரர்களுக்கும் நாங்கள் கடன்பட்டிருக்கிறோம்.

மஜ்ஜை மாற்றுக்காக, புது ரத்தத்தை உண்டாக்கும் ஸ்டெம் செல்களைத் தந்தவர் என் நாத்தனார். பாசி எடுக்கும் வேலையை விட்டுவிட்டு, "என் தம்பிக்குத் தராமல் யாருக்குத் தரப்போகிறேன்?" என்று வந்து படுத்தார். சிகிச்சைக்குப் பிறகு அதே ஆய்வுக்கூடத்துத் தம்பி மீண்டும் எண்ணிப் பார்த்ததில், என் கணவரின் மஜ்ஜையில் 20 செல்களிலும் பெண்ணுக்குரிய இரண்டு எக்ஸ் குரோமோசோம்களே இருந்தன. முனை மாறிய கயிறு ஒன்றுகூட இல்லை. எல்லாம் நாத்தனாருடைய செல்கள். அந்தத் தாளை அவரிடம் கொடுத்தேன். எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, மடித்து முந்தானையில் முடிந்துகொண்டார்.

நன்றியுடன்,
பாம்பன் மீனவர் ஒருவரின் மனைவி