ஓராண்டு அறிவிக்கை போதாது, சட்டம் வேண்டும்: குட்கா தடை குறித்து ஒரு திறந்த மடல்

மாண்புமிகு மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சர் அவர்களுக்கும், மாண்புமிகு சட்டத் துறை அமைச்சர் அவர்களுக்கும்,

வணக்கம்.

தமிழ்நாட்டில் குட்கா, பான் மசாலா தடையை மேலும் ஓராண்டு நீட்டித்து உணவு பாதுகாப்பு ஆணையரின் அறிவிக்கை வந்துவிட்டது. பத்திரிகைகளில் நான்கு வரிச் செய்தி. படிப்பவர்களுக்கு நல்ல செய்திதான். ஆனால் அந்தத் தாளை வைத்துக்கொண்டு நீதிமன்றத்தில் நின்று பதில் சொல்ல வேண்டியவர்கள் அரசுத் தரப்பு வழக்கறிஞர்கள். அண்மைக் காலம் வரை அவர்களில் நானும் ஒருவன். என் பதவிக்காலம் முடிந்துவிட்டதால் இப்போது வெளிப்படையாக எழுத முடிகிறது. கேட்பது ஒன்றே ஒன்றுதான்: இந்தத் தடையைச் சட்டமன்றத்தில் சட்டமாக நிறைவேற்றித் தாருங்கள்.

பின்னணியை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2013 மே 23 முதல் உணவு பாதுகாப்புச் சட்டத்தின் 30(2)(அ) பிரிவின் கீழ் ஆணையர் தடை விதிக்கிறார். அந்தப் பிரிவு அனுமதிப்பது அதிகபட்சம் ஓராண்டு. ஆண்டு முடிந்ததும் புது அறிவிக்கை, மறுபடியும் ஓராண்டு. பதினோரு மாத வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதுபோல மாநிலத்தின் ஒரு பொதுச் சுகாதாரக் கொள்கை புதுப்பிக்கப்பட்டு வருகிறது. அவசர நிலைக்காக ஆணையருக்குக் கொடுத்த தற்காலிக அதிகாரத்தை நிரந்தரத் தடையாக நீட்ட முடியாது என்று 2023 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு அறிவிக்கையை ரத்து செய்தது. ஏப்ரல் 25 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்புக்கு இடைக்காலத் தடை கொடுத்தது. அன்றிலிருந்து நாம் நிற்பது அந்த இடைக்கால உத்தரவின் மேல்தான்.

ஜனவரிக்கும் ஏப்ரலுக்கும் இடைப்பட்ட அந்த மூன்று மாதங்களைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

அந்த இடைவெளியில் பிடிபட்ட ஒரு வழக்கு என்னிடம் வந்தது. குடோன் ஒன்றில் மூட்டை மூட்டையாகப் புகையிலைப் பொருட்கள். தகவல் கிடைத்து, விடிய விடியக் காத்திருந்து, சாட்சிகளை வைத்து மகஜர் (பறிமுதல் பதிவு) எழுதிப் பறிமுதல் செய்திருந்தார்கள். காவலர்கள் பங்கில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. பொருளைத் திருப்பிக் கேட்டு மனு வந்தது. எதிர்த்தரப்பு வக்கீல் நீளமாக வாதாடவே இல்லை. “பிடித்த நாளில் தடை அமலில் இருந்ததா? இருந்தது என்றால் அறிவிக்கையைக் காட்டச் சொல்லுங்கள்” என்றார், உட்கார்ந்துவிட்டார். நான் உணவு பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வந்த 2011ஆம் ஆண்டு ஒழுங்குமுறையின் 2.3.4ஐ எடுத்துச் சொன்னேன். உணவுப் பொருளில் புகையிலையோ நிகோடினோ சேர்க்கக் கூடாது என்கிறது அது. அறிவிக்கை இல்லாவிட்டாலும் அது உயிரோடுதான் இருக்கிறது என்றேன். “இது வெறும் மெல்லும் புகையிலை, உணவே இல்லை” என்று பதில் வந்தது. பான் மசாலா ஒரு பொட்டலம், புகையிலை ஒரு பொட்டலம், வாங்குபவர் வாயில் இரண்டும் சேர்ந்தால் குட்கா. இந்த இரட்டைப் பொட்டல வித்தை உச்ச நீதிமன்றம் வரை போய், 2016 செப்டம்பரிலேயே பேசப்பட்ட விஷயம். அதையும் சொன்னேன். நீதிபதி பொறுமையாகக் கேட்டார். கடைசியில் அவர் கேட்டதும் அதே கேள்விதான்: அந்தத் தேதிக்கான அறிவிக்கை எங்கே?

என்னிடம் இல்லை. யாரிடமும் இருக்க முடியாது. மூட்டைகள் திரும்பப் போயின.

அந்த மூட்டைகள் எங்கே போயிருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். பள்ளிக்கூட வாசலில் இருக்கும் பெட்டிக்கடைகளுக்குத்தான். அந்த வழக்கில் உழைத்த உதவி ஆய்வாளர் நீதிமன்ற வராந்தாவில் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன்? மேலே இருப்பவர்கள் ஒரு மசோதா கொண்டுவரவில்லை, அதனால் உங்கள் உழைப்பு வீண் என்றா?

தடை அமலில் இருக்கும் நாட்களிலும் நிலைமை பெரிதாக மாறிவிடுவதில்லை. ஒவ்வொரு வழக்கிலும் குற்றம் நடந்த தேதிக்கு எந்த ஆண்டின் அறிவிக்கை பொருந்தும் என்று தேடி, அரசிதழின் சான்றிட்ட நகலைக் கேஸ் கட்டில் சேர்க்க வேண்டும். அது விட்டுப்போனால் அங்கேயே ஓட்டை. அப்புறம் மாதிரி எடுத்தது உணவு பாதுகாப்பு அலுவலரா, காவலரா என்ற கேள்வி. 14 நாளில் வர வேண்டிய பகுப்பாய்வு அறிக்கை எப்போது வந்தது என்ற கேள்வி. பாதுகாப்பற்ற உணவுக்குத் தண்டனை சொல்லும் உணவு பாதுகாப்புச் சட்டத்தின் 59ஆம் பிரிவு பொருந்தும் இடத்தில், இந்தியத் தண்டனைச் சட்டத்தில் உணவுக் கலப்படம் பற்றிய 272, 273 பிரிவுகளில் வழக்கு நடத்த முடியாது என்று 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பழைய பழக்கத்தில் எழுதப்பட்ட முதல் தகவல் அறிக்கைகளை எப்படிக் காப்பாற்றுவது? நேரடியான தடைச் சட்டம் ஒன்று இருந்தால் இவற்றில் பாதிக்கு மேல் எழவே எழாது.

மாநிலத்துக்கு அதிகாரம் இல்லை என்று உங்கள் துறைகளில் யாராவது குறிப்பு எழுதக்கூடும். புகையிலைத் தொழிலை மத்திய அரசின் கட்டுப்பாட்டில் வைத்திருக்கிறது 2003ஆம் ஆண்டின் கோட்பா சட்டம் (சிகரெட் மற்றும் பிற புகையிலைப் பொருட்கள் சட்டம்) என்பது உண்மைதான். ஆனால் ஹூக்கா பார்களைத் தடை செய்ய அதே சட்டத்துக்கு 2022இல் இதே சட்டமன்றத்தில் திருத்தம் நிறைவேறவில்லையா? குடியரசுத் தலைவரின் ஒப்புதலும் கிடைத்ததே. ஹூக்காவுக்குத் திறந்த கதவு குட்காவுக்கு ஏன் திறக்காது? ஹூக்கா பாருக்குப் போனவர்கள் எத்தனை பேர்? கட்டட வேலைக்கும் லாரிக்கும் போய்விட்டு உதட்டுக்குள் பொட்டலம் அடக்கிக்கொள்பவர்கள் எத்தனை பேர்?

கோட்பா என்றதும் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பள்ளியிலிருந்து 100 கெஜத்துக்குள் விற்றாலும், 18 வயது நிரம்பாதவருக்கு விற்றாலும் அபராதம் அதிகபட்சம் 200 ரூபாய். அதே 200க்குள் சமரசமாக முடித்துக்கொள்ளவும் 28ஆம் பிரிவு வழி வைத்திருக்கிறது. இந்தத் தொகையை உயர்த்த மத்திய அரசு வெளியிட்ட திருத்த வரைவின் மேல் 2021 ஜனவரியில் பொதுமக்களிடம் கருத்துக் கேட்டார்கள். வரைவு சட்டமாகவில்லை. அமெரிக்காவில் 1998 நவம்பரில் 46 மாநிலங்களின் அரசுத் தலைமை வழக்கறிஞர்கள் சிகரெட் நிறுவனங்களை உட்காரவைத்து உடன்பாடு போட்டார்கள். மருத்துவச் செலவுக்கு ஈடாக முதல் 25 ஆண்டுகளில் ஏறத்தாழ 206 பில்லியன் டாலர். கார்ட்டூன் விளம்பரமும் சாலையோர விளம்பரப் பலகையும் கூடாது. அந்தப் பணத்தைப் பல மாநிலங்கள் வேறு செலவுக்குத் திருப்பின என்ற குறை உண்டு. ஆனாலும் உடன்பாட்டை அமல்படுத்துவதற்கென்றே அங்கே மாநில அரசுகள் வழக்கறிஞர்களை வைத்திருக்கின்றன. இங்கே வாய்ப் புற்றுநோய்க்கான செலவை முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டமும், காஞ்சிபுரம் அறிஞர் அண்ணா மருத்துவமனையும், அடையாறு புற்றுநோய் மையமும், நோயாளியின் குடும்பமும் சுமக்கின்றன. பொட்டலம் தயாரித்தவர் வேறு மாநிலத்தில் உரிமத்தோடு இருக்கிறார். எங்கள் கூண்டில் வந்து நிற்பதோ பெட்டிக்கடைக்கார அம்மா. இது எனக்கு ஒருநாளும் பொறுத்துக்கொள்ளக் கூடியதாக இருந்ததில்லை.

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்க வேண்டும். இழப்பீடு கேட்டு வழக்குப் போடுவதெல்லாம் பிறகு பேசலாம். இப்போது கேட்பது தடைச் சட்டம் மட்டும்.

அடுத்த மே மாதத்துக்குள் மசோதாவைச் சட்டமன்றத்தில் வைக்கும்படி இரு துறைகளையும் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். வாயில் மெல்லும் புகையிலை, அது எந்தப் பெயரில் எத்தனை பொட்டலமாக வந்தாலும், தயாரிப்பு, இருப்பு, கடத்தல், விற்பனை எல்லாம் அதில் அடங்க வேண்டும். யார் மாதிரி எடுப்பது, எத்தனை நாளில் அறிக்கை என்பது சட்டத்திலேயே இருக்க வேண்டும். கடைக்காரருக்கும் மொத்த வியாபாரிக்கும் தண்டனை வேறு வேறாக இருக்க வேண்டும். வரைவு எழுதும்போது மாவட்ட நீதிமன்றங்களில் இந்த வழக்குகளை நடத்துகிறவர்களையும் தயவுசெய்து கூப்பிட்டுக் கேளுங்கள். எந்த வரியில் வழக்கு உடைகிறது என்று அவர்களுக்குத் தெரியும். கூப்பிட்டால் ஊதியம் எதுவும் எதிர்பார்க்காமல் நானும் வருகிறேன்.

இப்படிக்கு,
முன்னாள் அரசுத் தரப்பு வழக்கறிஞர் ஒருவர்